முற்றிலும் இலக்கியம்

அரசு ஊழியர் ஒருவர் புத்தகம் வெளியிட முன் அனுமதி பெற வேண்டும். அந்தப் புத்தகம் முற்றிலும் இலக்கியமாகவோ கலையாகவோ அறிவியலாகவோ இருந்தால் அனுமதி தேவையில்லை. நடத்தை விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. விதி எண் இன்றும் என் நாக்கு நுனியில் நிற்கிறது. ஓய்வு பெற்றவனிடம் யாரும் விதி எண் கேட்பதில்லை என்பதால் விழுங்கிக்கொள்கிறேன்.

தஞ்சாவூருக்குக் கிழக்கே ஒரு அரசு மகளிர் கல்லூரியில் நான் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்தேன். அங்கே இயற்பியல் பேராசிரியர் தல வரலாறு எழுதினார். வரலாற்றுத் துறைக்காரர் மனைவி பெயரில் துப்பறியும் கதைகள் எழுதினார். ஒருவரும் என்னிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் அந்த விதியைக் கடைப்பிடிக்கும் முறை.

கேட்டவர் ஒரே ஒருவர். தமிழ்த்துறை விரிவுரையாளர், கவிஞர். பெயர் சொல்லப்போவதில்லை. சொன்னால், இந்தக் கட்டுரையில் எது எது தவறு என்று வரிசை எண் போட்டு அவரே எனக்குக் கடிதம் எழுதுவார். சொல்லாவிட்டாலும் எழுதுவார் என்றுதான் நினைக்கிறேன்.

அவருக்கு ஒரு வியாதி இருந்தது. உண்மை இல்லாத எதன் கீழும் கையெழுத்துப் போட மாட்டார். இதை நல்ல குணம் என்று சொல்பவர்கள் அவரோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்திருக்க மாட்டார்கள்.

வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக் கல்லூரி. கும்பகோணம் பஸ் எப்போது வந்தாலும் 9.55 என்று எழுதுவது எங்கள் மரபு. இவர் 10.07 என்று எழுதுவார். அதற்குக் கீழே அடுத்தவர் எப்படி 9.55 என்று எழுதுவது? ஒரு மாதத்தில் மற்ற விரிவுரையாளர்கள் எல்லாம் இவருக்கு முன்னால் கையெழுத்துப் போட ஓடிவர ஆரம்பித்தார்கள். கல்லூரிக்கு நேர ஒழுங்கு வந்தது. அவரிடம் பேசுவதை நிறுத்தியவர்கள் நாலு பேர்.

சேர்ந்த முதல் வருஷமே ஒரு விடுப்பு விண்ணப்பம் கொடுத்தார்.

“மேடம், இது என்ன?”

“லீவ் லெட்டர் சார்.”

“காரணம்ங்கற எடத்துல நடவுன்னு போட்டிருக்கு.”

“நடவுதான் சார். அம்மாவுக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சு. செட்டுல ஒரு ஆள் கொறஞ்சா மொத்தப் பேரையும் வேணாம்பாங்க. அவங்க எடத்துல நான் எறங்கணும்.”

“காய்ச்சல்னு எழுதுங்க. மூணு நாள் காய்ச்சலுக்கு யாரும் சர்டிபிகேட் கேக்கப்போறதில்ல.”

“காய்ச்சல் இல்லையே சார்.”

“சேத்துல நின்னா வந்துடும் மேடம்.”

“வந்தா எழுதித் தரேன்.”

வந்தது. நான்காம் நாள் காலை முனகிக்கொண்டே என் மேஜைக்கு வந்து, தனியாக இன்னொரு விண்ணப்பம் வைத்தார். “இது காய்ச்சலுக்கு சார்.” நடவுக்கு எந்த விடுப்பு என்று விடுப்பு விதிகளில் தேடிய ஒரே கண்காணிப்பாளர் தமிழ்நாட்டில் நானாகத்தான் இருப்பேன். கடைசியில் ஈட்டிய விடுப்பில் கழித்தேன். அவர் ஈட்டியதில் பாதி அப்படியே சேற்றில் போனது.

மகள் கல்லூரியில் பாடம் நடத்தினாலும் அம்மா நடவை விடவில்லை. பதினேழு பெண்கள் கொண்ட செட்டு. வாய்க்கால் திறந்ததிலிருந்து தாளடி நடவு முடியும்வரை ஊர் ஊராக இறங்குவார்கள். அந்தச் செட்டில் மகளும் பள்ளிக்கூட நாளிலிருந்தே விடுமுறைக்கு விடுமுறை இறங்கியவர். கவிஞர்களுக்கு மூங்கில் தோப்பு, நிலவு, காவிரிப் படித்துறை என்று ஏதாவது இருக்கும். இவருக்கு இருந்தது அந்தப் பதினேழு பேரின் முதுகு.

முனைவர் பட்டத்துக்கு எடுத்த பொருளும் அதை ஒட்டியதுதான். டெல்டாவில் ஒவ்வொரு வயலுக்கும் ஒரு பெயர் உண்டு. சர்வே எண் தாலுகா ஆபீசில் இருக்கும். பெயர் நடுகிறவர்கள் வாயில் இருக்கும். நரிக்குளத்து மா, கொட்டாங்கச்சிக் குழி, மாமியார் மா. மாவும் குழியும் பழைய நில அளவு. இவர் அந்தப் பெயர்களைத் திரட்டினார். வாய்மொழித் தேர்வில் ஒரு புறத்தேர்வாளர், “இது தமிழ்த்துறை ஆய்வா, வருவாய்த்துறை அடங்கல் பதிவேடா?” என்று கேட்டாராம். “அடங்கல்ல இந்தப் பேரெல்லாம் இருந்திருந்தா நான் எதுக்குங்க திரட்டப்போறேன்?” என்று இவர் பதில் சொன்னாராம். பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. காரணம் கேட்டு இவர் எழுதிய கடிதங்களின் நகல்கள் என்னிடம்தான் கோப்பில் இருந்தன.

ஒரு தடவை அமைச்சர் வந்தார். அந்தக் காலத்தில் அமைச்சர் வந்தால் வரவேற்புக் கவிதை இல்லாமல் மேடை கூடாது. கவிஞர் இருக்கிறாரே என்று கல்லூரி முதல்வர் இவரைக் கூப்பிட்டார்.

“அவர் நம்ம பக்கத்துக்கு என்னென்ன செஞ்சிருக்கார்னு சொன்னா எழுதலாம் மேடம்” என்றார் இவர்.

முதல்வர் யோசித்தார். நானும் யோசித்தேன். “ஆத்துக்கு அந்தாண்ட பாலத்துக்குக் கல்லு நட்டார்ல?” என்றேன்.

மேடையில் இவர் நாலே வரி படித்தார். தலைவர் வந்தார், கல் நட்டார், மக்கள் கை தட்டினார்கள், கல் நன்றாக இருக்கிறது. அமைச்சருக்குக் கோபம் வரவில்லை. முதல் ஆளாகக் கை தட்டினார், நல்ல மனுஷர். முதல்வருக்குத்தான் இரத்த அழுத்தம். பிறகு ஆட்சி மாறியது, முதல்வர் அறைச் சுவரில் படம் மாறியது, அந்த அமைச்சர் எதிர்க்கட்சி ஆனார். கல் அங்கேயே இருந்தது.

இப்படிப்பட்டவர்தான் ஒரு நாள் கையெழுத்துப் பிரதியோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

“புத்தகம் போடப்போறேன் சார். அனுமதி வேணும்.”

“கவிதைதானே?”

“ஆமா.”

“அனுமதி வேண்டாம். போய்ப் போடுங்க.”

“வேண்டாம்னு எழுத்துல குடுங்க சார். சீல் வச்சு.”

எதற்கு என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில் நியாயமாக இருந்ததுதான் எரிச்சல். புத்தகத்தில் மொத்தம் பதினேழு கவிதை, ஆளுக்கு ஒன்று. எந்த வயலை யார் நட்டார், அன்றைக்கு அங்கே என்ன நடந்தது என்று பெயர் போட்டு. அச்சானதும் மாரியம்மன் கோயில் வாசலில் பதினேழு பேரையும் உட்கார வைத்துப் படிக்க வேண்டும்.

“இதையே படிச்சுக் காட்டலாமே. அச்சு எதுக்கு?”

“காட்டினேன் சார். நம்ப மாட்டேங்கறாங்க. கையால எழுதினா அது கர்ணம் நெலக் கணக்கு எழுதின மாதிரியாம், ராத்திரியோட ராத்திரியா மாத்திடலாமாம். அச்சுல வந்தா மாத்த முடியாதாம். அச்சும் சும்மா வந்தா பத்தாது. குத்தகைச் சீட்டு குடுத்தாங்க, முத்திரை இல்ல செல்லாதுன்னாங்க. கூலி ஒப்பந்தம் போட்டாங்க, அதுவும் செல்லாது. குடிசை மனைக்குப் பட்டா வந்துச்சு, அதுல ஏதோ ஒரு கையெழுத்து இல்லையாம். இந்தப் புஸ்தகத்தையாவது நாளைக்கு எவனும் செல்லாதுன்னு சொல்லக் கூடாது சார்.”

சரி என்றேன். இதற்கு ஒரு உறுதிமொழிப் படிவம் உண்டு, ஒரே வரி: ‘இந்நூல் முற்றிலும் இலக்கியத் தன்மை உடையது.’ கீழே ஆசிரியர் கையெழுத்து. அதை வைத்து முதல்வரே அனுமதி தேவையில்லை என்று சீல் வைத்துக் கொடுத்துவிடலாம். தட்டச்சு செய்து நீட்டினேன்.

படித்தார். பேனாவைத் திறந்தார். மூடினார்.

“முற்றிலும்னு எப்படி சார் போடறது? பாதி கூலித் தகராறுல்ல?”

“மேடம், கவிதையா எழுதிட்டா அது இலக்கியம்.”

“நடந்தது சார் இதெல்லாம்.”

“நடந்ததை எழுதினாலும் இலக்கியம்தான்!”

“அப்ப முற்றிலும்ங்கறத எடுத்துடுங்க. போட்டுடறேன்.”

விதியில் இருக்கும் சொல்லை நான் எப்படி எடுப்பது? ஒரு மணி நேரம் மன்றாடினேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். இரண்டு தேநீர் வந்தது, இரண்டையும் நானே குடித்தேன். கையெழுத்து விழவில்லை.

அந்தக் கட்டத்திலும் ஒரு வழி இருந்தது. கண்காணிப்பாளர் குறிப்பில் நானே ‘பிரதியைப் பார்த்தேன், இலக்கியம்’ என்று எழுதி முதல்வரிடம் வைத்தால் போதும். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பமிடுவார். எழுதலாம் என்றுதான் பிரதியை வாங்கி வைத்தேன். அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தேன்.

ஒன்பதாவது கவிதைக்குத் தலைப்பு ‘சுமைதாங்கி மா’.

சுமைதாங்கி மா எங்கள் வயல். ஊர் எல்லையில், சுமைதாங்கிக் கல்லுக்குப் பக்கத்தில். கூலி உயர்வு கேட்டு ஊர் ஊராக வேலை நின்ற வருஷம் அது. நடவு பாதி முடிந்திருந்தது. மத்தியானம் கூலிப் பேச்சு வந்ததும் அப்பா மொத்தச் செட்டையும் வரப்பேறச் சொல்லிவிட்டார். மறுநாள் போலீஸ் காவலோடு லாரியில் வெளியூர் ஆட்கள் வந்து மீதியை நட்டார்கள். அந்த வயல் அறுப்பு வரைக்கும் இரண்டு பச்சையாக நின்றது. கவிதையில் இது எல்லாம் இருந்தது. நடுவில் மூன்று வரி:

வரப்பில் ஒரு பிள்ளை
அப்பாவுக்குக் குடை பிடித்திருந்தான்.
நாற்று முடிகள் வெயிலில் கிடந்தன.

பி.ஏ. இரண்டாம் வருஷ விடுமுறையில் வந்திருந்தேன். குடை கறுப்பு.

டப்பாவை மூடிவிட்டுக் குறிப்பு எழுதினேன். ‘இக்கவிதைகள் நிலம், கூலி குறித்த பிரச்சினைகளையும் உண்மைப் பெயர்களையும் கொண்டிருப்பதாலும், ஆசிரியர் உறுதிமொழி அளிக்க மறுப்பதாலும், மேலிடத்தின் ஆணைக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது.’ ஒவ்வொரு சொல்லும் சரி. எந்தத் தணிக்கைக்காரனும் குறை காண முடியாது. மூன்று படிகள் எடுத்து உரிய வழியாக அனுப்பினேன்.

அவர் வந்து நகலைக் கேட்டார், கொடுத்தேன். சண்டை போடுவார், நானும் போடலாம் என்று தயாராக இருந்தேன். நின்றுகொண்டே இரண்டு தரம் படித்தார்.

“எல்லாம் உண்மைதான் சார். சரி, பதில் வரட்டும்” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். இப்படிப்பட்டவரோடு எப்படித்தான் சண்டை போடுவது?

கேட்காமல் போட்டிருந்தால் ஒரு நாதியும் கேட்டிருக்காது. கேட்ட பிறகு பதிலுக்கு முன்னால் போட்டால் ஒழுங்கு நடவடிக்கை. இதை நான் அவருக்கு விளக்கினேன். விளக்கும்போது எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

பத்து மாதம் கழித்து மேலிடத்திலிருந்து வந்தது பதிலல்ல, கேள்வி. கவிதைகளில் குறிப்பிடப்பட்டுள்ள நபர்களின் இசைவு பெறப்பட்டதா? இல்லையெனில் பெற்று அனுப்புக.

“கைநாட்டு வாங்கிட்டு வாங்க. போதும்” என்றேன்.

இரண்டு வாரம் கழித்து வெறும் கையோடு வந்தார். “வைக்க மாட்டேங்கறாங்க சார். கைநாட்டு வச்சுத்தான் கொல்லை போச்சுங்கறாங்க. பேரு எழுதக் கத்துக்குடு, எழுதறோம்ங்கறாங்க.”

“எத்தனை நாள் ஆகும்?”

“அறுப்பு இல்லாத நாளாப் பாத்துத்தான் சார்.”

தை போய், மாசி போய், பங்குனியில் ஒரு தாள் வந்தது. பதினேழு கையெழுத்து. சில மேலே ஏறின, சில கீழே சரிந்தன. ஒன்றில் கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அடுத்த வரியில் தனியாக நின்றது. கைநாட்டு மசி ஒரு துளிகூட இல்லை. அனுப்பினேன். ஏழு மாதத்தில் பதில்: மேற்படி கையொப்பங்கள் அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரால் சான்றளிக்கப்படவில்லை.

அன்றைக்கு நான் அலுவலகத்தில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். சர்வீசில் ஒரே தடவை.

சான்றளிக்கும் தகுதி முதல்வருக்கு உண்டு. ஆனால் முன்னிலையில் போட வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை டவுன் பஸ் பிடித்துப் பதினேழு பேரும் கல்லூரிக்கு வந்தார்கள். நல்ல சேலை, வெற்றிலை, கண்ணாடி வளையல். மாணவிகள் வராந்தாவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். உட்காரச் சொன்னால் நாற்காலியில் ஒருத்தரும் உட்காரவில்லை. ஒரு கிழவி பதிவேட்டு அலமாரியைத் தட்டிப்பார்த்து, “எம்மாம் காயிதம்டி! நாத்து கட்டுற மாதிரி கட்டி வச்சிருக்கானுவ” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். தட்டச்சர்கூட.

அவருடைய அம்மா கடைசியாகக் கையெழுத்துப் போட்டார். நாக்கைக் கடித்துக்கொண்டு, சுழித்துச் சுழித்து. பேனாவை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு முகத்தை உற்றுப் பார்த்தார்.

“நீங்க சுமைதாங்கி மா வூட்டுப் புள்ளதானே அய்யா?”

பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினேன்.

“கொட புடிச்சுக்கிட்டு நின்னீங்கள்ல? அப்பவே நெட்டையா இருப்பீங்க.” கோபமே இல்லாமல் சொன்னார். தெரிந்தவனைப் பார்த்த சந்தோஷம்தான் இருந்தது. “அப்பா நல்லா இருக்காங்களா?”

“போய்ட்டாங்க.”

“அடடா” என்றார். உண்மையாகவே சொன்னார். “பாப்பா ஏதோ கடுதாசிக்குக் காத்துக்கிட்டு கெடக்குது. நீங்கதான் பாத்துச் சீக்கிரம் வாங்கித் தரணும். எங்க செட்டுல ரெண்டு மூணு பேருக்குக் கண்ணு மங்கிடுச்சு. காதாவது இருக்கறப்ப கேட்டுறலாம்னு.”

நான் மகளைப் பார்த்தேன். அவர் இசைவுத் தாள்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே நான் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொன்னதில்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. அவ்வளவுதான் அவர் கணக்கு.

அன்று சாயங்காலமே நான் ஒரு திருத்தக் குறிப்பு அனுப்பியிருக்கலாம். குறிப்பெழுதியவனுக்கு இதில் சொந்த சம்பந்தம் உண்டு, கோப்பை வேறு அலுவலர் பரிசீலிக்கலாம் என்று. அதற்கும் நடைமுறை இருக்கிறது, நன்றாகத் தெரியும். நான் அனுப்பியது நினைவூட்டுகள். முதல் நினைவூட்டு, இரண்டாம் நினைவூட்டு, நேர்முகக் கடிதம். எல்லாவற்றிலும் ‘காலதாமதம் நிர்வாகக் காரணங்களால்’ என்றே எழுதினேன். மறுபடி ஆட்சி மாறி, மறுபடி படம் மாறியது. கல்லூரிக்கு மூன்று முதல்வர்கள் வந்து போனார்கள். செட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். சிலர் பிள்ளைகளோடு திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் என் மேஜைக்கு வந்து அதைத் தெரிவித்தார். புகாராக அல்ல, தகவலாக. “பதினஞ்சு பேர் சார்.” “பன்னெண்டு பேர் சார்.” அவர் அறைக்குள் நுழைந்தாலே எனக்கு எரிச்சல் வரும். யார் மேல் என்று நான் பார்த்துக்கொள்ளவில்லை.

ஏழாவது வருஷம் பதில் வந்தது. நான் ஓய்வு பெற ஒரு மாதம்கூட இல்லை. தபாலைப் பிரித்தேன். ஒரே பத்தி. ‘மேற்படி நூல் இலக்கியத் தன்மை உடையதாகக் காணப்படுவதால் விதிகளின்படி முன் அனுமதி தேவையில்லை எனத் தெரிவிக்கப்படுகிறது. கோப்பு முடிக்கப்படுகிறது.’ கீழே கையெழுத்து, ஊதா முத்திரை.

அவர் விடுப்பில் இருந்தார். காரணம் நடவு. வேறு யாரிடமாவது கொடுத்து அனுப்பியிருக்கலாம். பெற்றதற்குக் கையெழுத்து வாங்கும் பட்டுவாடாப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நானே பஸ் ஏறினேன்.

ஆற்றில் மணல்தான் ஓடியது. முந்தின நாள் பதினெட்டாம் பெருக்குக்குப் போட்ட காதோலையும் கருகமணியும் ஒரு குட்டையில் கிடந்தன. பம்புசெட் தண்ணீரில் ஒரு வயல் நடவாகிக்கொண்டிருந்தது. வயலில் நாலு பேர், அதில் ஒருவர் முனைவர் பட்டம் பெற்றவர். அம்மா வரப்பில் தலைக்குத் துண்டு போட்டு உட்கார்ந்திருந்தார். வணக்கம் சொன்னேன், திரும்பவில்லை. “காது போய் ஒரு வருஷம் ஆச்சு சார்” என்று வயலுக்குள்ளிருந்து குரல் வந்தது. என் கையில் குடை இருந்தது, விரிக்கவில்லை.

அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஏறி வந்து, கடிதத்தைப் படித்தார்.

“நீங்க மொத நாளே சொன்னதுதான் சார்.”

“ஆமா.”

அவ்வளவுதான் பேசினோம். அவர் அம்மாவின் காதோரம் குனிந்து கத்தினார்: “வந்துடுச்சும்மா! கடுதாசி!” அம்மா தாளை வாங்கி எழுத்துப் பக்கமே போகாமல் கீழே தேடினார். ஊதா வட்டம் கிடைத்ததும் கட்டைவிரலால் அதன் மேல் மெதுவாகத் தடவினார். “முத்திரை இருக்கு” என்று எனக்குச் சொன்னார், நான்தான் காது கேட்காதவன் போல, உரக்க. “இனிமே செல்லாதுங்க முடியாது. போய்ப் போடு பாப்பா. கத்திப் படி. இல்லாட்டி ஒதட்டப் பாத்துக்கறேன்.”

பட்டுவாடாப் புத்தகத்தை நீட்டினேன். அதில் கடைசிக் கட்டம் ‘குறிப்பு’. தாமதம் இருந்தால் காரணம் எழுத வேண்டிய இடம். முப்பது வருஷமாக ‘நிர்வாகக் காரணம்’ என்று எழுதிய இடம். அவர் புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பினார்.

“இது நீங்க நெரப்பணும் சார். அப்புறம் நான் போடறேன்.”

வரப்பில் உட்கார்ந்து, முழங்காலில் வைத்து எழுதினேன்: ‘கோப்பை மேலிடத்துக்கு அனுப்பியவர் சுமைதாங்கி மா உரிமையாளரின் மகன்.’

அவர் இரண்டு தரம் படித்தார். பேனாவைத் திறந்தார். இந்தத் தடவை மூடவில்லை. கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் சேற்று விரல் படாமல் தேதியும் எழுதினார்: ஆடி பத்தொன்பது.